நசுங்காத நான்கு எலுமிச்சம்பழங்கள்

காலை ஒன்பதரை மணி, நான்கு எலுமிச்சம்பழம், மோகன் சார்: கார் விற்கும் தொழில் எனக்கு இந்த மூன்றிலிருந்துதான் தொடங்கியது. பிளஸ் டூ பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்து திட்டு வாங்கியவர்களுக்கு என் நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

தகுதி

வேலை கிடைக்காவிட்டால் லீவு முழுக்க லால்குடி பெரியப்பா வீட்டில் தங்கி அவருடைய மூன்று பையன்களுக்கும் கணக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. அந்தப் பையன்களைத் தெரிந்தவர்கள் என் அவசரத்தைப் புரிந்துகொள்வார்கள். திருவெறும்பூரில் ஜவுளிக்கடையிலும் செல்போன் கடையிலும் கையை விரித்துவிட்டார்கள். மறுநாள் பஸ் ஏறி, காலை ஒன்பதரைக்குத் தஞ்சாவூர் ரோட்டிலிருந்த ஒரு கார் ஷோரூமில் போய் நின்றேன்.

புதுக் கார்களை டெலிவரி கொடுக்கும் பொறுப்பு மோகன் சாருடையது. மாலை, தேங்காய், எலுமிச்சம்பழம் எடுத்து வைக்க அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. கார் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். சைக்கிள் தெரியும் என்றேன்.

"ரொம்ப நல்லது, வண்டியத் தொட மாட்டே. ஆனா பார்ட்டி மனசு கோணுச்சுன்னா அன்னைக்கே கிளம்பிடணும்மா."

இரண்டு தேர்

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமாவும் மாமியும் வந்தார்கள். கார் தயார், நாளும் நல்ல நாள். மாமா மட்டும் அசையவில்லை. சித்திரைத் தேர் நெருங்கிக்கொண்டிருந்தது. வேண்டுமானால் வண்டியை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விடுகிறோம் என்று மோகன் சார் கெஞ்சிப் பார்த்தார். மாமா என் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லும்மா, பெருமாள் தேர் நிலைக்கு வர்றதுக்குள்ள எங்காத்துத் தேர் வீதியில ஓடினா நன்னாவா இருக்கும்?"

முன்னும் பின்னும்

தொட்டியத்தில் வாழை போடுகிற ஒருவர் மனைவியோடு வந்து முதல் கார் எடுத்தார். நான் நான்கு சக்கரத்துக்கும் முன்னால் பழம் வைத்தேன். தேங்காய் உடைத்தாயிற்று. அவர் சாவியைத் திருகினார். கார் பின்னால் போனது.

போகாமல் என்ன செய்யும்? அன்று அது சுவரைப் பார்த்து நின்றிருந்தது. நான்கு பழமும் ஒரு கீறல் இல்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தன. மாலை கட்டிய கையோடு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மோகன் சார் பார்த்த பார்வையில் லால்குடி தெரிந்தது. பையை எடுக்கப் போனேன்.

அந்த அம்மா காரிலிருந்து இறங்கினார். பழங்களைப் பொறுக்கினார். காரை வாசல் பக்கம் திருப்பச் சொல்லி, நான்கையும் அவரே சக்கரங்களுக்கு முன்னால் வைத்தார். இந்த முறை நன்றாகவே நசுங்கின. பிறகு மோகன் சாரிடம் வந்தார்.

"பொண்ணை ஏன் சார் முறைக்கிறீங்க? அது பழத்தைச் சரியாத்தான் வச்சுச்சு. வண்டியச் செவுத்தப் பார்த்து நிறுத்துன மகராசன் யாரு, அவரைக் கூப்பிடுங்க!"

அந்த மகராசன் மோகன் சாரேதான்; ரிசல்ட் வரும்வரை அவர் என்னைக் கிளம்பச் சொல்லவில்லை.

அந்தக் கோடையில் எனக்கு வேலை கொடுத்தவர் மோகன் சார் என்றாலும், கணக்குச் சொல்லித்தருவதிலிருந்து என்னைக் காப்பாற்றியவர் பெயர்கூடத் தெரியாத ஒரு தொட்டியத்து அம்மா.

போன தை மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை அதே ஷோரூமில் என் முதல் காரை எடுத்தேன். சக்கரங்களுக்கு முன்னால் நான்கு, பின்னால் நான்கு என்று எட்டுப் பழம் வைத்தார்கள்.