சம்பந்தியம்மா ஏறிப் பார்த்த வண்டி

மண்ணெண்ணெயும் சவுக்காரத் தண்ணீரும் பழைய ரப்பரும் கலந்த ஒரு வாடை, கார்த்திகை தீபத்துக்கு முந்தின அந்த ஈரக் காற்றோடு, வேங்கிக்கால் பக்கம் நாங்கள் குடியிருந்த வீட்டு வாசலில் இரண்டு நாள் நின்றது. அப்போது நான் பள்ளிக்கூடத்துச் சிறுமி. அப்பா டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார். கோயிலுக்கு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய்வரும் பழைய வெள்ளை வண்டி அது. குண்டு குழியில் இறங்கினால் பின்பக்கம் "லொடக் லொடக்" என்று அடித்துக்கொள்ளும்.

அந்த வருஷம் அக்காவுக்கு வளைகாப்பு. முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனதால், இந்தப் பிள்ளையாவது கைக்கு வர வேண்டுமே என்று அம்மா அண்ணாமலையாருக்கு மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவதுதானே முறை. ஆனால் அக்காவின் மாமியார், நாங்கள் சம்பந்தியம்மா என்று கூப்பிடுகிறவர், செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. உங்க வண்டி எங்க ஊரு எல்லையில திரும்புறப்பவே எங்க மாடு கட்டுத்தறியில எழுந்து நிக்குது. அதுல எம்மருமகள ஏத்தமாட்டேன்."

அப்பாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும், "அந்தம்மா சொல்றதுல இன்னா தப்பு? பயம் இருக்குமில்ல" என்றுதான் சொன்னார். தீப நேரம்; ஊரிலுள்ள பட்டறைகளில் எல்லாம் வெளியூர் வேன்கள் வரிசைகட்டி நின்றன. யாரும் கை வைக்க மாட்டேன் என்றதால், கடையில் "புஷ்" மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். புஷ் என்றால், வண்டியைத் தாங்குகிற கமான் பட்டையின் சுருண்ட முனைக்குள் இருக்கும் ரப்பர் வளையம். அது தேய்ந்தால் இரும்பும் இரும்பும் மோதிக்கொள்ளும்.

அம்மா சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கருங்கல் வைத்தாள். அப்பா ஜாக்கியில் வண்டியைத் தூக்கி, அடியில் கட்டை கொடுத்து நிறுத்தினார். துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தின நாளே மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தும் அவை அசைய மறுத்தன. ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி, "அருணாசலா" என்று இருவரும் ஒன்றாக அழுத்தியபோதுதான் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு கழன்றன. பழைய புஷ்ஷை வெளியே தள்ளப் பட்டறையில் மிஷின் இருக்கும், வீட்டில் ஏது? அப்பா ஒரு நீள போல்ட்டும், தண்ணீர்க் குழாயில் அறுத்த துண்டும், வாஷர்களும் வைத்து நட்டைத் திருகத் திருக, அது பல் பிடுங்குகிற மாதிரி மெள்ள வெளியே வந்தது. புதியதை உள்ளே ஏற்ற எண்ணெய் தடவக்கூடாதாம், ரப்பரைத் தின்றுவிடுமாம். அம்மா துணி சவுக்காரத்தைக் கரைத்துக் கொடுத்தாள். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. பார்க்க அத்தனை அழகாக இருந்தது.

எல்லா போல்ட்டையும் நரம்பு புடைக்க இறுக்கி, வண்டியை இறக்கி, அப்பா ஒரு சுற்று ஓட்டிவந்தார். லொடலொடப்பு இல்லை. ஆனால் "கீச்" என்று புதிதாக ஒரு சத்தம். பின்பக்கமும் தூக்கிக்கொண்டு நின்றது.

"இன்னாங்க இது, கோழி வாலத் தூக்கினமாரி நிக்குது?" என்றாள் அம்மா.

"டைட்டாத்தான கீது. அப்புறம் இன்னா?"

"சக்கரத்த தொங்கவிட்டுத்தான டைட் பண்ணீங்க? நின்னுக்கினு வேட்டிய இறுக்கிக் கட்டிக்கினு சம்மணம் போட்டு ஒக்காந்து பாருங்க. கிழியுமா கிழியாதா?"

பக்கத்து வீட்டுப் பூக்கார மாமா வாய்விட்டுச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றவர், "நீ சொல்றதுதான் சரி" என்று மறுபடி தரையில் படுத்து, இறுக்கின போல்ட்டை எல்லாம் தளர்த்தினார். எத்தனை ஆண்பிள்ளைகளுக்கு அந்த மனசு வரும்? பிறகு வண்டி சக்கரத்தில் நிற்க, பயணத்துக்குப் போகிற மாதிரியே அம்மா, நான், பூக்கார மாமா, மாமி எல்லோரும் உள்ளே ஏறி உட்கார்ந்தோம். எங்கள் பாரத்தில் வண்டி அமிழ்ந்து நின்ற நிலையிலேயே அப்பா அடியில் புகுந்து கடைசி இறுக்கு இறுக்கினார். "மாமி, ஆடாதீங்க" என்று கீழேயிருந்து குரல் வரும். "நான் எங்கடா ஆடுறேன், உங்க மாமா சிரிக்கிறாரு" என்பாள் மாமி.

வளைகாப்பன்று சீர்த்தட்டுகளோடு போய் இறங்கினோம். சடங்கு முடிந்ததும், அக்கா கை நிறைய வளையலோடு வாசலுக்கு வரும் முன்பே சம்பந்தியம்மா பின் கதவைத் திறந்து தான் ஏறிக்கொண்டார். "ஓட்டுங்க சம்பந்தி, ஏரிக்கரை வரைக்கும்." ஊரிலேயே மோசமான பாதை அது. அம்மா மலையிருக்கும் திக்கைப் பார்த்துக் கைகூப்பி நின்றாள். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி திரும்பி வந்தது. இறங்கிய சம்பந்தியம்மா உள்ளே போய்த் தன் தலையணையைக் கொண்டுவந்து, அக்காவின் முதுகு சாயும் இடத்தில் தட்டி வைத்தார். "மெதுவா போங்க" என்றார்.

அந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தான். இன்று அவனே கார் வைத்திருக்கிறான். சர்வீஸுக்கு விட்டால் கழுவித் துடைத்து, வாசனை அடித்து வாசலுக்கே வருகிறது. பழைய வெள்ளை வண்டி எந்த ஊர் இரும்புக்கடையில் உடைபட்டதோ தெரியாது. அப்பாவும் இல்லை, சம்பந்தியம்மாவும் இல்லை. அன்று அந்த அம்மாளின் பேச்சைக் குத்தல் என்றே எடுத்துக்கொண்டேன். என் மகளுக்கும் வளைகாப்பு போட்டு அழைத்துவந்த பிறகுதான், வயிற்றுப் பிள்ளைக்காக அந்தக் குலுங்கல்களைத் தன் வயதான இடுப்பில் முதலில் வாங்கிப் பார்த்தவர் அவர் என்று விளங்கியது. கும்பிடுகிறபோது பெற்றவர்களோடு அவரையும் நினைத்துக்கொள்கிறேன். எந்தச் சாமி எந்த வடிவில் வருமோ, யார் கண்டது.