தம்பியின் வில்லுக்குக் காய்ந்த மூங்கில்

எங்கள் மூங்கில் கடைக்காரர் யார் போனாலும் முதலில் ஒன்று கேட்பார். "நல்லதுக்கா, கெட்டதுக்கா?" பந்தலுக்கும் ஏணிக்கும் காய்ந்த மூங்கில், பாடை கட்டப் பச்சை மூங்கில். நாகல் நகரில் அந்தக் கடை வாசலில் நின்று நான் "வில்லுக்கு" என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த வயசுல யாரோட சண்டைக்குப் போறீக?"

சண்டை எனக்கில்லை, என் தம்பிக்கு. தசை தேய்ந்துகொண்டே போகும் நோய் அவனுக்கு. முதலில் கால் போனது, அதோடு சாயப்பட்டறை வேலையும் போனது. கையும் போவதற்குள் ஒரு அம்பாவது விட்டுவிட வேண்டும் என்று பிடிவாதம். கடையில் வாங்கித் தருகிறேன் என்றால் துரைக்கு ஆகாது, வீட்டில் செய்ததுதான் வேண்டுமாம். உட்கார்ந்த இடத்தில் போனில் வீடியோ பார்த்து உத்தரவு போடுவான். மாடு மாதிரி உழைப்பது நான்.

புளியங்கொம்பில் செய்த முதல் வில் வளைத்ததுமே படாரென்று ஒடிந்திருந்தது.

"மரத்தோட முதுகுல மூங்கில ஒட்டணும்ணே. வளையிறப்ப அது தாங்கிக்கிரும்" என்றான்.

வாங்கி வந்த மூங்கிலைப் பட்டையாகப் பிளந்து, உள்பக்கத்தைத் தட்டையாக இழைத்து, மரத்தில் பசை போட்டு ஒட்டி, சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கச் சுற்றினேன். பளபளவென்றிருந்த வெளித்தோலில் மட்டும் உளி படக் கூடாது. "அதத் தொட்றாதண்ணே, இதுவும் போயிரும்" என்று பக்கத்திலேயே காவல் இருந்தான்.

வில் ஒடியவில்லை. ஆனால் அவனால் இழுக்க முடியவில்லை. மூங்கிலைத் தொடாமல், உள்பக்கத்து மரத்தைக் கண்ணாடித் துண்டால் சுரண்டினேன். இழுத்தான், பாதிதான் வந்தது. மறுபடியும் சுரண்டினேன். வில் மெலிய மெலிய, அவன் கை அதைவிட வேகமாக மெலிந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அழத் தெரியாதவனுக்கு வேறென்ன வரும்?

ஒரு சாயங்காலம் நாண் அவன் நெஞ்சு வரை வந்துவிட்டது. அம்பு வாசல் சாக்கடையைத் தாண்டி விழுந்தது. அவ்வளவுதான் தூரம். பக்கத்து வீட்டுக் கோழி அலறிக்கொண்டு ஓடியது.

"ஏலே, பட்டிருந்தாக் கூட கோழிக்கு வலிச்சிருக்காது" என்றேன்.

"விட்டேன்ல?" என்று சிரித்தான். சாப்பிடும்போதும் அதையே சொன்னான். நான்தான் அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பின் அவன் வில்லைக் கேட்கவே இல்லை. மூச்சு விடவும் தசை வேண்டும் என்பது எங்களுக்கு மெல்லத்தான் புரிந்தது. ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை அதுவும் நின்றுபோனது.

சொந்தக்காரர்கள் தடுத்தும் கேட்காமல் நாகல் நகருக்கு நானே போனேன். கடைக்காரர் தூரத்திலேயே என்னை அடையாளம் கண்டுகொண்டார். வழக்கமான கேள்வியைக் கூடக் கேட்கவில்லை.

"அடுத்த வில்லா? போன தடவ மாதிரி நல்லாக் காஞ்சதாப் பாத்து எடுத்துத் தாரேன்" என்று சிரித்தபடி உள்ளே திரும்பினார்.

"பச்சையாக் குடுங்கண்ணே" என்றேன்.