ரேக்குக்கு அடித்த மஞ்சள் பெயின்ட்

எதுவாக இருந்தாலும் எனக்குப் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும். அதுதான் என்னைப் பிடித்த வியாதி. ஆயுத பூஜைக்காக ஒரகடத்தில் எங்கள் கம்பெனி ஸ்டோரைக் கழுவியபோது, ரேக்கிலிருந்த இரும்பு ராடுகளின் முனைகள் பெயின்ட் உதிர்ந்து அசிங்கமாகத் தெரிந்தன. எங்களிடம் முனை நீலமாக இருந்தால் மைல்டு ஸ்டீல், சீக்கிரம் வளையும். மஞ்சள் என்றால் கார்பன் கூடியது, பாரம் தாங்கும். நடு வரிசை முழுக்க மஞ்சள்தானே என்று தின்னர் துணியால் துடைத்து, எல்லா முனைக்கும் புது மஞ்சள் அடித்துச் சந்தனம் குங்குமமும் வைத்தேன். "ரேக்கு சும்மா பளபளன்னு கீது" என்று சூப்பர்வைசர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுபடி வேலை தொடங்கிய இரண்டாம் நாள், ரேக்கின் அடியில் கிடந்த அந்தத் துணியை எடுத்தேன். மஞ்சள் கறைக்கு நடுவே நீலக் கறை. வரிசை மாறிக் கிடந்த நீல ராடுக்கும் மஞ்சள் அடித்திருக்கிறேன், பாவி! ரிஜிஸ்டரைப் புரட்டினேன். அந்த வரிசையிலிருந்து ஒரே ஒரு ராடு போயிருந்தது. டை எனும் கனத்த இரும்பு அச்சைத் தூக்கும் கொக்கிக்கு ஒரு பின், அதாவது குறுக்கு ஆணி, கடைய தென்காசிக்கார ஃபிட்டர் அண்ணன் எடுத்துப் போயிருந்தார்.

ஓடினேன். இரண்டு டன் டை கிரேனில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதற்கு அடியில் குனிந்து கட்டை வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வெளிய வாண்ணே! வா!"

"ஏம்மா, பேய் புடிச்ச மாதிரி கத்துத?"

"பின்னு மைல்டா இருக்கும்ணே!"

அவர் முகம் செத்துவிட்டது. ஒரே தாவலில் வெளியே வந்தார். கிரேன்காரர் டையை அங்குலம் அங்குலமாக இறக்கினார். அது தரையைத் தொடும்வரை நான் மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை.

பின்னைக் கழற்றி கிரைண்டரில் வைத்தார். கார்பன் கூடிய ஸ்டீலாக இருந்தால் பொறி பூப்பூவாக வெடிக்கும். இதில் வெறும் நீளக் கோடுகள்தான் பறந்தன. பிறகு பின்னைச் சமமான மேஜையில் உருட்டிவிட்டார். தத்தித் தத்தி உருண்டது. அதற்குள் வளைந்திருந்தது.

"எவன்யா பெயின்ட் அட்ச்சது?" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"நான்தான் சார்" என்றேன்.

அண்ணன் என்னையே பார்த்தார். "ராடுக்கு நெத்தியில பொட்டு வச்ச, சரி. எனக்குக் காசு வைக்கப் பாத்தியேம்மா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் தண்ணீர் பாட்டிலின் மூடியை அவரால் திறக்க முடியவில்லை. நான் வாங்கித் திறந்துகொடுத்தேன்.