பல் டாக்டர் சிபாரிசு

பாளையங்கோட்டையில் எங்கள் குடியிருப்பில் யாரிடம் டாக்டர் கேட்டாலும் சொந்தக்காரரைத்தான் சொல்வார்கள். எனக்குப் பல்வலி வந்ததும் கீழ்வீட்டு அண்ணாச்சி, "நம்ம மச்சினன்ட்ட போங்க, பல்லப் புடுங்குனதே தெரியாது" என்றார். மேல்வீட்டு அக்கா விடவில்லை. "எங்க தம்பி பொண்டாட்டியும் பல் டாக்டர்தான். கை அம்புட்டுப் பதமா இருக்கும்."

ஒருவர் சொன்ன இடத்துக்குப் போனால் மற்றவர் மாதக்கணக்கில் முகம்கொடுத்துப் பேசமாட்டார். பல்வலியைவிட இந்த எரிச்சல்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. பேசாமல் பஸ் ஏறிப் போய், எங்கள் குடியிருப்பில் யாருக்கும் உறவில்லாத ஒரு டாக்டரிடம் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

வாய் நிறையப் பஞ்சு. வாசலில் அண்ணாச்சி, "மச்சினன் நல்லாப் பாத்தானா?" என்று கேட்டார். பேச முடியாமல் தலையை ஆட்டினேன். மாடிப்படியில் அக்கா கேட்டபோதும் அதே தலையாட்டல்தான். "நான் சொன்னேம்லா!" என்று இருவருக்கும் வாயெல்லாம் பல்.

அடுத்த வாரம் எதிர்வீட்டுக்காரர் வீங்கிய கன்னத்தோடு வந்து, "நீங்க யார்ட்ட போனிய?" என்றார். பக்கத்திலேயே அண்ணாச்சியும் அக்காவும் என் வாயைப் பார்த்தபடி நின்றார்கள். வலி என்றைக்கோ போய்விட்டது. இருந்தாலும் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மறுபடியும் தலையை ஆட்டினேன்.