சண்டைக்கு வேற நம்பர்

காலை 7.10. போடிநாயக்கனூரில் பங்கு ஜீப், ஆளுக்கு நூறு ரூபாய். கல்லூரியில் சர்வதேச அரசியல் நடத்துகிற என்னை, உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்ட நூலகத்தில் ‘அணுகுண்டின் சாவி யார் கையில்?’ என்று பேசக் கூப்பிட்டிருந்தார்கள்.

“குண்டப் பத்தியா சார்? அப்ப மெதுவாத்தான் ஓட்டணும்” என்ற டிரைவர், போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் பறந்தார்.

9.40. தோட்டத்தில் ஒரே பனிமூட்டம். கங்காணி முருகேஸ்வரி கட்டன் சாயா நீட்டும்போதே காவல்காரர் போன் செய்தார்: “அக்கா, பறிக்கிற காட்டுக்கு மேல யான மாதிரி தெரியுது!”

கீழே இருபது பெண்கள் காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். முருகேஸ்வரியின் மகளும் அங்கேதான். சுவரில் அபாயச் சங்கின் பொத்தான்.

“அமுக்குங்கம்மா!” என்று கத்திவிட்டேன்.

“ரெண்டு பேரு சொல்லாம அமுக்கக் கூடாது சார். போன மழையில பொய்ச் சங்குக்குச் சரிவுல ஓடி, ரெண்டு பேருக்குக் கால் ஒடிஞ்சுபோச்சு.”

ஆணியில் தொங்கிய பழைய போனை எடுத்தாள். அதில் இருந்தது ஒரே எண்: பக்கத்துத் தோட்டக் கங்காணி மாத்யூ. இரு தோட்டத்துக்கும் ஓடைத் தண்ணீருக்காகத் தீராப் பகை. ஆனாலும் தினமும் காலை ஆறு மணிக்கு ‘யானை இல்லை’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்களாம்.

“அண்ணே, மேல யானயா?”

மறுமுனையில் குரல் தாழ்ந்தது. “யான இல்ல. கறுத்த வாட்டர் டேங்க். எங்க ஆளுக உருட்டிட்டுப் போறாங்க... ஓடைக்கு.”

“நன்றிண்ணே.” வைத்தாள். மடியிலிருந்து தன் கைபேசியை எடுத்து அதே ஆளை அழைத்தாள். “யோவ் மாத்யூ! திருட்டுத்தனமா எங்க ஓடையில டேங்கா வைக்கிற?”

ஐந்து நிமிட அர்ச்சனை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதல் போனிலேயே ஏன் திட்டவில்லை என்று கேட்டேன்.

“அந்த நம்பர்ல பொய்யும் கெடையாது, சண்டையும் கெடையாது. சண்டைக்கு வேற நம்பர்.” பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நல்லவேள, குண்டுச் சாவி உங்க கையில இல்ல.”

மாலை 3.00. நூலகத்தில் நாற்பது பேர். நம் நாடும் பக்கத்து நாடும், எத்தனை பகை இருந்தாலும், புத்தாண்டு நாளில் அணு நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்வதைச் சொன்னேன். இரண்டுக்கும் நடுவே நேரடித் தொலைபேசி இருப்பதையும் சொன்னேன்.

முருகேஸ்வரி எழுந்தாள். “தெனமும் கூப்பிட்டுப் பேசுறாங்களா சார்?”

“இல்லம்மா. சண்டை முத்துனா பேச்சே நின்னு போறதும் உண்டு.”

“முத்துறப்பத்தான சார் கூப்பிடணும்?”

இருபது வருடம் பாடம் நடத்திய நான், அந்தக் கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

மாலை 5.00. ஜீப் இறங்கியது. கோயம்புத்தூரில் கீழ்வீட்டுக்காரரோடு வண்டி நிறுத்தும் தகராறில் நான் பேசி இரண்டு வருடம். மறுநாள் காலை அவர் வீட்டு மணியை அடித்து, “உங்க நம்பர் வேணுங்க” என்றேன்.

“எதுக்குங்க, சண்டைக்கா?”

“இல்லீங்க. அதுக்கு வேற நம்பர் தர்றேன்.”