அஹீல் பிரித்துப் பார்த்த இறக்கை

"உயிரோட பறக்குற புறாவை எந்த அதிகாரியும் நிறுத்துறதில்ல. செத்த புறாவைத்தான் மறிச்சு ஊரு பேரு கேக்குறான்!"

என் வீட்டுக்காரர் நாரிஸ் ஓல்டிராய்ட் தினமும் காலைத் தேநீரோடு இதைச் சொல்லாமல் இருந்ததில்லை. செத்த பிராணிகளைப் பாடம் செய்து, உயிரோடு நிற்பதுபோல் ஆக்கித் தருவது அவர் தொழில். எங்கள் ஊர் கீத்லியில் வீட்டுக்குப் பின்னால்தான் பட்டறை. நரி, ஆந்தை எல்லாம் செய்வார். ஆனால் பெயர் வாங்கியது பந்தயப் புறாவில். அவரே புறா வளர்க்கிறவர்.

பெல்ஜியத்தில் ஜெயித்த புறா எது செத்தாலும் முன்பெல்லாம் இங்கேதான் வரும். கப்பல் ஏறுகிற லாரிக்காரரிடம் ஐஸ் பெட்டியைக் கொடுத்தால் போதும், மறுநாள் எங்கள் வாசலில் இருக்கும். எங்கள் நாடு ஐரோப்பாவோடு சண்டை போட்டுத் தனிக்குடித்தனம் வந்த பிறகு மருத்துவர் சான்று, அனுமதி, துறைமுகத்தில் ஏஜெண்ட் கூலி என்று ஆரம்பித்தது. எல்லாவற்றையும் கூட்டினால் நாரிஸின் கூலியைத் தாண்டிவிடும். வாடிக்கையாளர்கள் தங்கள் ஊரிலேயே ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

அஹீல் மட்டும் மாறவில்லை. பேக்கரி நடத்தி ஓய்ந்த பெல்ஜியத்துக்காரர், நாரிஸுக்குப் பழைய சிநேகிதர். அவருடைய 'நீலன்' மலை தாண்டிப் பறந்து பரிசு வாங்கிய ஆண்புறா. மே மாதம் அது செத்ததும் போன் செய்தார்.

"சான்று வாங்கிடவா நாரிஸ்?"

"ஒரு மண்ணும் வேணாம். அந்தக் காசுக்கு இன்னொரு புறா வாங்கலாம். எப்பவும்போல அனுப்பு."

பாத்திரம் கழுவிக்கொண்டே நான் கேட்டேன். "யோவ், பிடிச்சு வெச்சுட்டா என்னய்யா செய்வ?"

"ஒத்தப் புறாவை எவன் பாக்கப் போறான்?"

பார்த்தார்கள். பெட்டி துறைமுகத்தில் நின்றுவிட்டது. அலைந்து, காகிதமெல்லாம் வாங்கி, கூலியும் கட்டி, பெட்டி வீடு வருவதற்குள் ஐஸ் தண்ணீராகிவிட்டது. அவர் மூடியைத் திறந்ததும் நாற்றம் தாங்காமல் நான் கொடியில் காய்ந்த துணியையெல்லாம் உள்ளே அள்ளிப் போட்டேன். தொட்ட இடமெல்லாம் இறகு கையோடு வந்தது. மிஞ்சியது கால்கள்தான். ஒன்றில், அது குஞ்சாக இருக்கும்போதே அஹீல் மாட்டிய வளையம். வளர்ந்த புறாவின் பாதத்தில் அது ஏறாது, இறங்காது.

"போனைப் போட்டுச் சொல்லிடுய்யா."

"என்னன்னு சொல்றது? காசு மிச்சம் பிடிக்கப் பாத்து உன் புறாவை அழுகவிட்டேன்னா?"

சொல்லவில்லை. என் ஃப்ரீசரில் பட்டாணிக்கு அடியில் ஒரு நீலப் புறா கிடந்தது. போன வருஷம் பருந்து அடித்த எங்கள் புறா. அச்சு அசலாக அதே நிறம். அதை எடுத்து, அஹீலின் புறாக் காலை வளையத்தோடு ஒட்டவைத்து, நீலனின் போட்டோவைப் பார்த்துக் கண்ணாடிக் கண்ணுக்குச் சாயம் தீட்டினார். பந்தயப் புறாவுக்கு அதுதான் அழகு என்று ஒரு இறக்கையை விரித்தும் வைத்தார்.

திருப்பி அனுப்பவும் அதே காகிதம், அதே செலவு. "நானே வந்து எடுத்துக்கிறேன்," என்று அஹீல் கப்பலேறி வந்துவிட்டார். எனக்கு ஒரு பெட்டி சாக்லேட். பட்டறைக்குள் போனவர் புறாவைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். வளையத்தைத் தடவினார். தன் பாஷையில் அதனிடம் ஏதோ பேசினார், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையிடம் பேசுவதுபோல. நாரிஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புறாக்காரர் கைக்குப் புறா கிடைத்தால் விரல் தானாக இறக்கைக்குத்தான் போகும். அஹீலின் விரலும் போனது. ஒவ்வொரு இறகாகத் தள்ளிப் பார்த்தது. பேச்சு நின்றது.

"அழகா இருக்கு நாரிஸ். யாரோடது?"

"உன்... உன் நீலன்தான்."

"என் நீலன் போனது மே மாசம். பழைய இறகு ஒண்ணுகூட உதிர்க்கல. இவனுக்கு இறக்கை பூரா புது இறகு. இவன் இலையுதிர்காலத்துல செத்தவன்டா."

புறா கோடையில் ஒவ்வொரு இறகாக உதிர்த்துப் புதுசு முளைக்கவிடும். இறக்கையைப் பார்த்தே மாதம் சொல்லலாம். இது நாரிஸுக்குத் தெரியாததா? புறா வளர்க்கிற மனுஷன், கண்ணைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், இதைக் கோட்டை விட்டார். தானே வேறு விரித்து வைத்திருக்கிறார்!

தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். கழுத்துவரை சிவந்துபோயிருந்தது.

"அழுகிப்போச்சுன்னு சொல்லியிருந்தா உன்னை நாலு திட்டு திட்டிட்டு பீர் குடிக்கப் போயிருப்பேன்," என்றார் அஹீல். "எவன் கூட்டுப் புறாகிட்டயோ என்னைப் பேச வெச்சிட்டியேடா."

வளையத்தை மட்டும் கேட்டார். நாரிஸ் ஒட்டிய காலைப் பிரித்து, வளையத்தை உருவிக் கொடுத்தார். நான் வைத்த, கறி அடைத்துச் சுட்ட பலகாரத்தை மரியாதைக்குச் சாப்பிட்டார் அஹீல். "நல்லா இருக்கு அம்மணி," என்றார். நாரிஸ் மேஜைக்கே வரவில்லை.

அதற்குப் பிறகு நாரிஸ் புறா சங்கத்துக்குப் போவதில்லை. அதிகாரிகளைத் திட்டுவதும் நின்றுவிட்டது. அவர் திட்டாத காலை எனக்குத்தான் பிடிக்கவில்லை. அந்தப் புறாவை ஒளித்துவைப்பார் என்று நினைத்தேன். வளையமில்லாமல் வாசல் ஜன்னலில் நிறுத்தி, 'என் புறா, அஹீலுடையது அல்ல' என்று சீட்டு எழுதி வைத்திருக்கிறார். யாராவது அதைப் படிக்க நின்றால் பின்கட்டுக்கு ஓடிவிடுகிறார்.

கீத்லி பக்கம் வந்தால் அவரைப் போய்ப் பாருங்கள். முன்வாசலில் மணி அடித்தால் திறக்க மாட்டார். பின்பக்கம் வந்து பலமாகத் தட்டுங்கள். அந்தப் புறாவைப் பார்க்காததுபோல நடிக்காதீர்கள். கேளுங்கள், அவரே சொல்லட்டும்.