மைனஸ் என்று கத்தச் சொன்னது நான்தான்

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். யார் செய்தது சரி, யார் செய்தது தப்பு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உங்களுக்காவது தெரிகிறதா பாருங்கள்.

முடிச்சூர் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். தமிழ் பீரியட் என்றாலே பிள்ளைகளுக்குக் கொட்டாவி. ‘சூப்பரா இருக்கு மிஸ்’ என்பதைத் தாண்டி ஒரு வாக்கியம் வராது. எத்தனை நாள்தான் திட்டுவது? ஜூனில் ஒரு விளையாட்டு ஆரம்பித்தேன். நான்கு டீம். தினமும் ஒருவர் எழுந்து, வீட்டில் நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆங்கில வார்த்தை வந்தால் மற்ற டீம்கள் ‘மைனஸ்!’ என்று கத்தலாம். உடனே தமிழ்ச் சொல்லைச் சொல்லிவிட்டால் மைனஸ் ரத்து. இரண்டு பாயின்ட் போனஸ்.

நம்ப மாட்டீர்கள்... ஒரே மாதத்தில் லைப்ரரியில் அகராதிக்குச் சண்டை. ‘குளிர்சாதனப் பெட்டியைத் திறங்க’ என்று வீட்டில் அம்மாக்களை மிரட்டினார்கள். ஸ்டாஃப் ரூமில் நான் கொஞ்சம் கர்வமாகவே நடமாடினேன்.

செவ்வாய்க்கிழமை ஷீபாவின் முறை. இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவள். அதிகம் பேச மாட்டாள்.

“முந்தாநாள் எங்க அப்பாவுக்கு ஃபேக்டரியில...”

“மைனஸ்!” — பக்கத்து டீம் கேப்டன் ஹரீஷ் பெஞ்சைத் தட்டினான்.

“தொழிற்சாலையில...” என்று திருத்தினாள். அவள் டீம் கைதட்டியது. “மெஷின்ல கை...”

“மைனஸ்!”

“இயந்திரத்துல கை மாட்டிக்கிச்சு. ரெண்டு விரல்... ஆபரே... அறுவை சிகிச்சை பண்ணியிருக்காங்க.”

இந்த முறை யாரும் கத்தவில்லை. ஷீபா உட்கார்ந்து டெஸ்க்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நான்? போர்டில் அவள் டீமுக்கு நேராக நாலு பாயின்ட் எழுதி முடித்திருந்தேன்.

ஹரீஷ் அழுதுவிட்டான். “சத்தியமா எனக்குத் தெரியாது மிஸ்.” அவனுக்கு எப்படித் தெரியும்? கத்தச் சொன்னதே நான்தானே? வார்த்தைகளை எண்ண ஆரம்பித்தால், சொல்கிறவரைக் கேட்பது நின்றுவிடும் போலிருக்கிறது.

போர்டை அழித்தேன். இனி விளையாட்டே கிடையாது என்று அறிவித்தேன். சாயங்காலம் ஷீபாவின் அம்மாவுக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். பிரச்சினை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை லன்ச் நேரத்தில் ஷீபா வந்து நின்றாள். அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாராம். இடது கையால் சாப்பிடப் பழகுகிறாராம்.

“மிஸ், கேமை நிறுத்தாதீங்க.”

“ஏம்மா? அன்னைக்கு நீ எவ்வளவு அழுதே...”

“நிறுத்தினா என்னாலதான் போச்சுன்னு சொல்லுவாங்க மிஸ். அதுவும் இல்லாம... கேம் இருந்தாதான் என்கிட்ட பேசுறாங்க.”

எது அவளை அழ வைத்ததோ, அதுதான் அவளுக்கு ஃப்ரெண்ட்ஸையும் கொடுத்திருக்கிறது. நடத்தினால் தப்பு என்று நிறுத்தினேன். நிறுத்தினாலும் தப்பா?

திங்கட்கிழமை வகுப்பிடமே கேட்டேன். ஹரீஷ்தான் எழுந்தான்.

“மிஸ், மனசுக்குக் கஷ்டமான விஷயம்னா ‘டைம் ப்ளீஸ்’ சொல்லிடட்டும். அப்போ யாரும் கத்தக் கூடாது. எப்படி வேணா பேசலாம். பாயின்ட்டும் கிடையாது.”

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஷீபா மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

“மிஸ், ‘டைம் ப்ளீஸ்’ இங்கிலீஷ் ஆச்சே... அதுக்கு மைனஸ் உண்டா?”

மீதி பீரியட் முழுக்க அந்தச் சண்டைதான். தீர்ப்பு கேட்டு நாற்பது பேரும் என்னையே பார்த்தார்கள்.

‘எனக்குத் தெரியவில்லை’ என்றேன். சுத்தமான தமிழில்தான்!